வயதை மூடும் காகிதம்

மார்ச் 4

அக்கா,

கவரின் மேல் என் கையெழுத்து இருந்தால் பிரிக்காமலே தூக்கிப் போட்டிருப்பாய். அதனால்தான் முகவரியை எங்கள் நர்ஸம்மாவை எழுதச் சொன்னேன். பிரித்துவிட்டாய், இனி முழுதாகப் படித்துவிடு.

ஐந்து வருஷமாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. அப்பா நன்றாக இருக்கிறார். காது மட்டும் அவருக்கு வேண்டியதைத்தான் கேட்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "அவ இன்னும் அந்த மைக்ரோஸ்கோப்புக்குள்ளயே தலையை விட்டுட்டு இருக்காளா? கழுத்து வலிக்கும்னு சொல்லுடா" என்றார். சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே பஞ்சில் சுற்றி இரண்டு ஸ்லைடுகள். வலது கண்ணுக்குக் கீழே, இமை ஓரத்தை ஒட்டி ஒரு கட்டி. பட்டாணி அளவு, இளஞ்சிவப்பு. நாலு மாதத்தில் வளர்ந்தது. சுற்றி இரண்டு மில்லிமீட்டர் விட்டு நானே எடுத்தேன். எங்கள் லேபில் இருக்கும் சின்னப் பெண் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னால சொல்ல முடியல சார்" என்றாள். அந்த நேர்மைக்காகவே அவளுக்குச் சம்பளம் ஏற்றலாம். வெளியே இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் ஸ்பிட்ஸ் மச்சம், பயமில்லை என்கிறார். இன்னொருவர் புற்றுநோயேதான், மெலனோமா, உடனே அகலமாக வெட்டி எடு என்கிறார்.

பெயரும் வயதும் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை பார் அக்கா.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

பெட்டியைத் திறக்கவில்லை. வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன்.

நீ குழந்தைகளின் தோல் டாக்டர். உன்னிடமிருந்து வரும் ஸ்லைடு ஒரு குழந்தையுடையதாகத்தான் இருக்கும். வயதை எழுதாமல் விட்டதால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? இங்கே வந்ததிலிருந்து நான் பெரியவர்களின் ஸ்லைடு மட்டும்தான் படிக்கிறேன். குடல், பித்தப்பை, தைராய்டு. குழந்தை என்று சீட்டில் இருந்தால் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவேன். இங்கே எல்லோருக்கும் அது தெரியும், யாரும் காரணம் கேட்பதில்லை.

நீயும் கேட்காதே. அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்தத் தாயிடம் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் உனக்கு நாலடி பின்னால்தான் நின்றிருந்தேன். "எங்க கையில என்னம்மா இருக்கு, ரிப்போர்ட் அப்படித்தான் வந்துச்சு." ரிப்போர்ட் தானாக நடந்து வந்ததா தம்பி? அதில் கையெழுத்துப் போட்டவள் உன் அக்கா. கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரித்தது யார் என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு மாலையே ராஜினாமா எழுதினேன்.

கழுத்து வலிக்கத்தான் செய்கிறது. அப்பாவிடம் சொல்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

பெட்டியைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன். இதையும் திருப்பி அனுப்பினால் நானே ரயிலேறி வந்து உன் மேஜையில் வைப்பேன். எனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

போன கடிதத்தில் சொல்ல நினைத்து வாய் வரை வந்து விழுங்கியதை இப்போது சொல்கிறேன். இந்தப் பையன் எண்ணுக்காரியின் தம்பி.

ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஒன்பதாவது டோக்கன். கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மா வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது, இருந்தாலும் உடனே தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நோயாளி உட்காரும் நாற்காலியைப் பார்த்தார்.

"இதே நாற்காலிதானா?"

"மாத்தலைம்மா."

கையைப் பிடித்துக் கூட்டிவந்த பையனை அதில் உட்கார வைத்தார். பிறகு அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். அவள் இறந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதே நெற்றி, அதே மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிறான். எண்ணுவதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவளை உனக்கு நேரில் தெரியாது. நீ அவள் கன்னத்தின் ஒரு துண்டை மட்டும்தான் பார்த்தாய். அவள் எதைக் கண்டாலும் எண்ணுவாள். ஃபேனுக்கு மூணு இறக்கை, ஜன்னலுக்கு எட்டு கம்பி, டாக்டர் சட்டையில் ஆறு பொத்தான், அதில் ஒண்ணு வேற கலர். நான் கட்டியை எடுத்துத் தைத்தபோது வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். ஐந்து தையல். "இன்னும் ஒண்ணு போடுங்க, ஆறாயிடும்" என்றாள். அக்கா, ஏழு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எந்தக் குழந்தைக்கு ஊசி கோத்தாலும் பக்கத்தில் யாரோ ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பிக்கிறார்கள். நர்ஸம்மாவிடம் ஒரு தடவை "யாரு எண்ணுறது?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

இப்போது சிக்கல் இதுதான். அந்த அம்மா துணி ஆலையில் வெட்டும் பகுதியில் வேலை பார்க்கிறார். "ஓரத்தை ஒட்டி வெட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் டாக்டர். பெருசா விட்டு வெட்டுங்க. கண்ணு போனாலும் பரவாயில்ல, இவன் எனக்கு வேணும்" என்கிறார். மெலனோமா என்றால் அவர் சொல்வதுதான் சரி. ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். கீழிமையில் முக்கால்வாசி போய்விடும். ஒட்டுப் போட்டாலும் இழுத்துக்கொள்ளும், அந்தக் கண்ணை அவனால் வாழ்நாள் முழுக்க முழுதாக மூட முடியாது. ஸ்பிட்ஸ் என்றால் நான் ஏற்கெனவே எடுத்ததே போதும். சின்னத் தழும்போடு ஓடியாடிக்கொண்டிருப்பான்.

இதைச் சொல்ல எனக்கு உன் கண்தான் வேண்டும். வேறு யாருடையதையும் நான் நம்பவில்லை.

தம்பி

மார்ச் 17

தம்பி,

பெட்டியைத் திறந்தேன். ஸ்லைடை எடுத்துப் பார்க்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஏழு வருஷத்துக்கு முன் நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனசுக்குள் ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருப்போம்.

படிக்கும் காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஸ்லைடோடு வரும் சீட்டில் வயது எழுதிய கட்டத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவேன். காலண்டர் தாளில் கிழித்தது, இரண்டு விரல் அகலம். முதலில் ஸ்லைடைப் பார்ப்பேன், தோன்றுவதை அந்தச் சீட்டிலேயே பென்சிலில் எழுதுவேன், பிறகுதான் காகிதத்தை எடுப்பேன். நீயே கேலி செய்திருக்கிறாய், "அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போட்டோவையும் வயசை மூடிட்டுத்தான் பார்ப்பா" என்று.

காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்பிட்ஸ் மச்சமும் மெலனோமாவும் மைக்ரோஸ்கோப்பில் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். குழந்தை என்று தெரிந்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அது ஸ்பிட்ஸ். அதனால் வயதைப் பார்த்த நிமிஷமே கண் சாய்ந்துவிடும். அந்த மிச்சம் ஒன்றைப் பிடிக்கத்தான் காகிதம்.

அவளுடைய ஸ்லைடை அப்படித்தான் பார்த்தேன். நல்ல மச்சத்தில் செல்கள் கீழே இறங்க இறங்கச் சிறுத்து அடங்கிப்போகும். இதில் மேலே இருந்த அதே அளவில் அடிவரை இருந்தன. அடியோரத்தில் ஆறு செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. பென்சிலில் எழுதினேன்: மெலனோமா. அகலமாக எடுக்கவும்.

அப்போது போன் அடித்தது. நீ. "அக்கா, எண்ணுக்காரி ரிப்போர்ட் ஆச்சா?" நான் சொன்னேன். நீ கத்தினாய். "நாலு வயசுப் பிள்ளைக்கு மெலனோமாவா? கன்னத்துல போய் எப்படி அகலமா வெட்டுவேன்? காகிதத்தை எடுத்துட்டுப் பாருக்கா. நல்லாப் பாரு." காகிதத்தை எடுத்தேன். நாலு என்று இருந்தது. திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். அதே செல்கள்தான், ஆனால் இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஆறு என்பது நாலு மாதிரி இருந்தது, நாலில் இரண்டு சந்தேகம் என்று பட்டது. தீங்கற்ற ஸ்பிட்ஸ் மச்சம் என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நீ சொன்னதால் மட்டும் மாற்றினேன் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நீ கேட்ட பதில் எனக்கும் வேண்டியிருந்தது.

இந்தத் தடவை யார் பிள்ளை என்று சொல்லிவிட்டாய். இனி எந்தக் காகிதத்தை ஒட்டி மறைப்பது? எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. எங்கள் டெக்னீஷியன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பழைய அலமாரியிலிருந்து இதே மாதிரியான எட்டு ஸ்லைடுகளை எடுப்பார். ஸ்பிட்ஸும் இருக்கும், மெலனோமாவும் இருக்கும். அதோடு பையனுடையது ஒன்று. எண்ணுக்காரியுடையது ஒன்று. ஆமாம், அவளுடையதில் ஒரு ஸ்லைடு என்னிடம் இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொண்டு வந்தேன். பத்தையும் கலந்து, லேபிளை மறைத்து, அவர் இஷ்டத்துக்கு எண் போட்டுத் தருவார்.

பொறுத்திரு. நச்சரிக்காதே.

அக்கா

மார்ச் 21

அக்கா,

நச்சரிக்கவில்லை. தகவல் மட்டும்: அந்த அம்மா எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில், மெலனோமா என்று சொன்னவரின் ரிப்போர்ட்டைக் காட்டி, ஏப்ரல் 6-க்கு ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டார். அவர்கள் மேல் தப்பில்லை. தாய் கேட்கிறாள், கையில் ரிப்போர்ட் இருக்கிறது, வெட்டத்தான் செய்வார்கள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போன் விஷயத்தில் நீ எழுதியது சரிதான், ஒன்றைத் தவிர. நான் கத்தியது பயத்தில். அன்று காலைதான் அவளுக்குத் தையல் பிரித்தேன். "தழும்பு போயிடுமா?" என்று கேட்டாள். போயிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உனக்குப் போன் செய்தேன். ஒரு நாலு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உன்னை வளைத்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கழுத்தில் கட்டி வந்தது, அப்புறம் நுரையீரல். கடைசி நாட்களில் அவள் எண்ணியது மானிட்டரில் ஓடும் எண்களை.

நடைபாதையில் சொன்னதற்கு வருகிறேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து "நல்லதுதான்னு சொன்னீங்களே" என்றார். என் வாயில் வந்தது ரிப்போர்ட். நீ பின்னால் நின்றது தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் அது பொய். சொல்லியிருப்பேன்.

தம்பி

மார்ச் 26

தம்பி,

முடிந்தது. இரண்டு நாள் பிடித்தது. மற்ற வேலை எதையும் தொடவில்லை.

மூன்றாம் எண்ணை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடிவரை சிறுக்காத செல்கள், அடியோரத்தில் பிரிவுகள். எண்ணினேன். ஆறு. மெலனோமா என்று எழுதினேன். எழுதும்போதே அது யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு முகத்தை மாதிரி நினைவிருக்கிறது எனக்கு அந்த ஸ்லைடு. இங்கே வந்த பிறகு கனவில் நான் அவளைக் கண்டதில்லை, எப்படிக் காண்பேன், பார்த்ததே இல்லையே. ஊதாவும் இளஞ்சிவப்புமாக அந்த வட்டம்தான் வரும்.

மீதியில் எது பையனுடையது என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் அவனுடையது என்றே நினைத்துப் பார்த்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மெலனோமா என்று எழுதிவிடலாம் என்று கை துடித்தது. அப்படி எழுதினால் யாரும் சாக மாட்டார்கள், யாரும் என் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். ஏழாம் எண்ணில் மட்டும் மூன்று தடவை மெலனோமா என்று எழுதி மூன்று தடவை அழித்தேன். மேலே பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. கீழே இறங்கினால் செல்கள் ஒழுங்காகச் சிறுத்து அடங்கியிருந்தன. இரண்டு பக்கமும் சமமாக முடிந்திருந்தது. அடியில் ஒரு பிரிவுகூட இல்லை. நாலாவது தடவை, ஸ்லைடில் இருப்பதை மட்டும் எழுது என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, ஸ்பிட்ஸ் என்று எழுதினேன்.

டெக்னீஷியன் அம்மா மறைப்பைப் பிரித்தார். பத்தும் சரியாக இருந்தன. மூன்று எண்ணுக்காரி. ஏழு அவள் தம்பி.

நீ அனுப்பியதில் இரண்டாவது ஸ்லைடில் இருந்து மரபணுச் சோதனைக்கும் அனுப்பியிருந்தேன். அதிலும் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. நூற்றுக்கு நூறு என்று இந்தத் தொழிலில் எதுவும் கிடையாது. ஆனால் என் பிள்ளையாக இருந்தால் நான் வெட்ட விடமாட்டேன். நீ எடுத்ததில் ஓரம் சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

ரிப்போர்ட்டைக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். டைப் அடிக்கும்போது கவனித்தேன், தீங்கற்ற ஸ்பிட்ஸ் மச்சம், அதே வார்த்தைகள். வேறு மாதிரி எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை, அதற்கு அதுதான் பெயர்.

அக்கா

மார்ச் 30

அக்கா,

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நான் கிளினிக் பாத்ரூமில் போய் அழுதேன். நர்ஸம்மா இப்போது என்னைப் பற்றி முடிவே செய்திருப்பார்.

அந்த அம்மாவை வரச்சொல்லி விளக்கினேன். கடைசிவரை கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஏழு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. இரண்டையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"படிங்க."

நான் படிக்கவில்லை.

"அவளுக்கும் இதே வார்த்தை. அடியில இதே கையெழுத்து. உங்க அக்காதானே? இதை நம்பித்தான் நான் அவளைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன், பெரிய சைஸ் செருப்பு வாங்கினேன், வளருவான்னு. இப்போ திரும்பவும் அதே பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுறீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா டாக்டர்?"

ஆறாம் தேதி ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பையன் கதவருகே திரும்பி எனக்குக் கையாட்டினான்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், திட்டாதே. விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. வெட்டட்டும். கண் மூடாது, அவ்வளவுதானே, பிள்ளை உயிரோடு இருப்பான். நாம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம், எழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் அவரை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை.

தம்பி

ஏப்ரல் 1

தம்பி,

உன்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரியும், அதனால்தான் திட்டாதே என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறாய்.

முதல் ரிப்போர்ட் ஸ்லைடைப் படித்து வந்ததில்லை, போனைக் கேட்டு வந்தது. அது தெரியாதவரைக்கும் அவருக்கு இரண்டு காகிதமும் ஒன்றுதான். அவர் சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்கும் ஆட்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இன்னும் ஐந்து நாள் நாம் பேசாமல் இருந்தால், ஒன்றுமில்லாத ஒரு மச்சத்துக்காக ஒரு பிள்ளையின் இமையை வெட்டி எறிவார்கள். அவன் அக்காவுக்குச் செய்தது போதாதா?

அன்றைக்கு மெலனோமா என்று எழுதிய அந்தப் பென்சில் தாள் இதோடு இருக்கிறது. நான் கிழித்துப் போடவில்லை. ஏழு வருஷமாக அவளுடைய ஸ்லைடைச் சுற்றி வைத்திருந்தது அதுதான். தேதி இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது, மேலே வயதை மூடிய காலண்டர் துண்டையும் பழையபடி ஒட்டி வைத்திருக்கிறேன். அவர் கையில் கொடு. நான் மாற்றினேன் என்று சொல். நீ போன் செய்தாய் என்றும் சொல். ஒன்றைச் சொல்லி ஒன்றை விடாதே.

என் வேலை போகும், உன் கிளினிக் போகும் என்றெல்லாம் எனக்கும் கணக்குப் போடத் தெரியும். போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கே போனேன். இரண்டாவது மாடி, சின்ன முன்னறை. மேஜை முழுக்கக் காகிதத்தில் வெட்டிய சட்டை அளவுகள். சுவரில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கதவு நிலையில் மட்டும் உயரம் குறித்த பென்சில் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோணல்மாணலாக எண். எண்ணுக்காரியே எழுதியது. ஆறுக்கு மேல் கோடு இல்லை. பையனுக்கு வேறு கதவில் குறித்திருக்கிறார்.

பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். தாளைக் கொடுத்தேன். படித்தார். கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இது எப்போ எழுதினது?"

"ரிப்போர்ட் வந்த அன்னிக்கே. அதுக்கு முன்னாடி."

"அப்போ உங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு. நான்தான் போன் பண்ணினேன். நாலு வயசு, மறுபடி பாருன்னு சொன்னேன். அவங்க மாத்திட்டாங்க."

"இதுல இருக்கறபடி அன்னிக்கே வெட்டியிருந்தா?"

"கன்னத்துல பெரிய தழும்பு இருந்திருக்கும்மா. அவ இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம்."

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். காலண்டர் துண்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தார். கீழே வயது தெரிந்தது.

"நாலுன்னு போட்டிருக்கீங்க. அவளுக்கு அன்னிக்கு நாலு ஆகல. பதினேழு நாள் இருந்துச்சு."

துண்டைத் திரும்ப வயதின் மேல் வைத்து விரலால் அழுத்தினார்.

"இவனோடதைப் பாக்கும்போது உங்க அக்காவுக்கு இவன் வயசு தெரியுமா?"

"பத்து ஸ்லைடுல ஒண்ணாக் கலந்து, பேரு வயசு எல்லாம் மறைச்சு, எது யாருதுன்னே தெரியாமப் பாத்தாங்கம்மா. பாப்பாவோடதும் அந்தப் பத்துல இருந்துச்சு. அதைச் சரியாச் சொன்னாங்க."

"நீங்க போன் பண்ணலையே?"

"பண்ணல."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டிலிருந்து பையனைக் கூப்பிட்டார். அவன் ஓடி வந்ததும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆறாம் தேதியை ரத்து செய்தார். நான் அங்கேயே நின்றேன்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும்னு எழுதியிருக்கு. காட்டுறேன். உங்ககிட்ட இல்ல, வேற டாக்டர்கிட்ட. மத்ததை நான் யோசிச்சுக்கறேன். நீங்க போங்க. அந்தத் தாள் இங்கயே இருக்கட்டும்."

வாசலில் செருப்பு மாட்டும்போது உன் முகவரியைக் கேட்டார். கொடுத்தேன்.

அக்கா, திரும்பி வரும் வழியில் படிக்கட்டில் நின்றுவிட்டேன். எண்ணும் சத்தம் நிற்குமோ என்று ஒரு ஆசை இருந்தது. நிற்கவில்லை. இறங்க இறங்க எண்ணிக்கொண்டே வந்தது. இருபத்தாறு படி.

தம்பி

ஏப்ரல் 19

தம்பி,

அந்த அம்மா நேற்று வந்தார். தனியாக.

மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிவிட்டதாகச் சொன்னார். நம் இருவர் பேரிலும். பதிவு எண் வேண்டும் என்றார். என்னுடையதை எழுதிக் கொடுத்தேன், உன்னுடையதையும். விசாரணைக்குக் கூப்பிட்டால் நாம் ஒரே நாளில் போவோம். அப்பாவிடம் அதற்கு முன்னால் நானே வந்து சொல்கிறேன். நீ சொன்னால் சுற்றி வளைப்பாய்.

சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அது உங்ககிட்டதான் இருக்கா?"

எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. எங்கள் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. எனக்கு வேண்டியதைக் காட்ட உள்ளே ஒரு பச்சை அம்பு தெரியும். ஸ்லைடை வைத்து, அவருக்குக் கண் பொருந்தும்படி சரிசெய்து கொடுத்தேன்.

"எது வியாதி?"

அம்பை வைத்துக் காட்டினேன். பிரிந்துகொண்டிருந்த அந்த ஆறையும் காட்டினேன். அவர் கூடவே மெதுவாக எண்ணினார். எண்ணும் சத்தம் கேட்கிறது என்று நீ எழுதியதை அதுவரை நான் முழுதாக நம்பியிருக்கவில்லை.

"இது எல்லாமே வியாதியா? அப்போ அவ எங்க?"

இத்தனை வருஷத்தில் என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. முதலில் புரியவில்லை. பிறகு ஸ்லைடை மெதுவாக நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அவளுக்கும் நீ சுற்றி விட்டு வெட்டினாயே, அந்த இரண்டு மில்லிமீட்டர். நோய் தொடாத தோல். நான் அந்த இடத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. மேலே மெல்லிய அடுக்கு, கீழே ஒரு முடியின் வேர், அதிலிருந்து நிறமே இல்லாமல் நூலை விடச் சன்னமாக ஒரு முடி.

"இது பாப்பா" என்றேன்.

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அவ கன்னத்துல பூனைமுடி இருக்கும். வெயில்ல நிறுத்தினாத்தான் தெரியும்" என்றார். பிறகு, "அந்த அம்பை எடுத்துடுங்க" என்றார்.

அம்பை அணைத்தேன். என் பக்கத்துக் கண்ணாடியிலிருந்து நானும் முகத்தை எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டெக்னீஷியன் அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த அம்மா வந்தது பதினொரு மணிக்கு. எழுந்தபோது ஒன்றரை.

அக்கா